ரயில் கொட்டிலுக்குக் குடிபூரல்

1

உங்கள் ஊரில் தண்டவாளத்தைக் கழற்றி, ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கருக்கு மேல் அடுக்கியாயிற்று என்று கடிதத்தில் எழுதுகிறீர்கள். ஸ்டேஷன் மேடையில் ஆடு கட்டியிருக்கிறதாம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில்தான் இதையும் வாசிக்கப் போகிறீர்கள். இந்த நிலைமையில், லண்டனில் ஒருவன் தன் பின்வளவில் கொட்டில் போட்டு, அதற்குள் மின்சாரத்தில் ஓடும் விளையாட்டு ரயில் விடப் புறப்பட்ட கதையை எழுதினால் அவனை என்ன செய்யலாம்? திட்டுங்கள். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள். அந்த ரயில் இன்றுவரை ஒழுங்காக மூன்று சுற்றுத் தொடர்ந்து ஓடவில்லை. அதற்குக் காரணம் நான் அல்ல.

இந்த ஆனியோடு நான் இங்கே வந்து ஒன்பது வருஷமாகிறது. வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் ஆட்கள் குறைந்ததில்லை. நான், மனைவி மனோ, மகள் சுபா, மகன் ரமணன் என்று நால்வர்தான் கணக்குக்கு. ஆனால் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் எங்கள் பகுதி ஆட்கள் எல்லோருடைய சட்டைப்பையிலும் என் விலாசம் இருக்கும்போலும். இப்போது முன்னறையில் மனோவின் சித்தியின் மகன்மார் இருவர். நடு அறையில் மனோவின் தமையனார். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன், இந்தக் கதையின் தலைவலி அவர்தான். என் பெயரில் உள்ள வீட்டில் நான் தனியாக இருக்கக்கூடிய இடம் குளியலறை ஒன்றுதான். அங்கேயும் கொஞ்சம் சுணங்கினால் கதவில் தட்டுவார்கள்.

என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் தேநீருக்குக் கூப்பிட்டார். அவருடைய தோட்டத்து மூலையில் ஒரு மரக்கொட்டில். உள்ளே மேசை உயரத்தில் பலகை அடித்து, மலை, சுரங்கம், பாலம் எல்லாம் செய்து, விரல் நீளத்து ரயில்களை ஓடவிட்டிருந்தார். அவர் என்னை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, தான் மற்றக் கதிரையில் இருந்து ரயிலைப் பார்த்தார். நெடுநேரம் ஒருவரும் எங்களைத் தேடி வரவில்லை. தொலைபேசி வந்தது என்று ஒருவரும் கத்தவில்லை. எனக்கு ரயில் பிடித்ததோ இல்லையோ, அந்தக் கதிரை பிடித்துவிட்டது.

2

எனக்கும் ஒரு கொட்டில் வேண்டும் என்று மனோவிடம் சொன்னேன்.

"கொட்டிலோ?" என்றாள். "ஊருக்குக் கடிதம் எழுதேக்கை என்னெண்டு எழுதிறது? லண்டனிலை இவர் கொட்டில் போடுறார் எண்டோ? மாடு வளக்கிறம் எண்டு நினைப்பினம்."

"ரயில் விடப்போறன்."

அவள் முகம் சட்டென்று மாறியது. என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "ஊர் ஞாபகம் என்ன?" என்றாள். அன்றைக்கே டெலிபோனில் கதை பரவிவிட்டது. என் ஊர்ப் பெயரைச் சொல்லி, நாரந்தனையான் பாவம், கொழும்புக்கு ஓடிய கோச்சி நின்ற கவலையில் வீட்டிலேயே ரயில் கோச்சி விடுகிறான் என்று. பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஸ்டேஷன் பட்டியல் தந்தார்கள். ஒருவர் கொடிகாமத்தை மறக்க வேண்டாம் என்றார், அங்கேதான் அவர் பெண் பார்க்கப் போனவராம். இன்னொருவருக்கு ஆனையிறவில் உப்புக் குவியல் வைக்க வேண்டும். வெள்ளை மாவில் செய்யலாம் என்று வழியும் சொன்னார்.

ஐயா, நான் தீவான். எங்கள் தீவில் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ரயிலை முதன்முதல் பார்த்தபோது எனக்கு மீசை வந்துவிட்டது. பிறகு கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் அந்த ரயிலில் போய்வந்தேன், அதுவும் பெரும்பாலும் கக்கூஸ் வாசலில் நின்றபடி. அதை நினைத்து உருக எனக்கு ஒன்றுமில்லை. நான் விட நினைத்தது சுவிற்சர்லாந்து ரயில். பனிமலை, ஒரு சுரங்கம், சிவப்புப் பெட்டிகள். நான் ஒருக்காலும் போகாத இடம். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை, அதுதான் அந்த இடத்தின் சிறப்பு. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும், "ஓமோம், கவலையை மறைக்கிறார்" என்றுதான் பார்த்தார்கள்.

பிள்ளைகளாவது சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். ரமணன் நான் வாங்கி வந்த ரயில் பெட்டியைத் திறந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு, அது வட்டமாகச் சுற்றுவதைத் தவிர வேறு என்ன செய்யும் என்று இங்கிலீஷில் கேட்டான். வேறு ஒன்றும் செய்யாது என்றேன். திரும்பவும் ரீவிக்கு முன் போய்க் குந்திவிட்டான். சுபாவுக்குப் பதினைந்து வயது. எதைச் சொன்னாலும் தோளைக் குலுக்குவாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் மறுமொழி. கொட்டிலைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி, அது தன் சிநேகிதிகள் வரும் வழியிலிருந்து தெரியுமா என்பதுதான்.

3

இப்போது அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

அவர் எங்கள் தீவில், கரம்பொன்னில் ஒரு வீடு கட்டினார். தெற்கே கடை வைத்திருந்த காலத்தில் அத்திவாரம் போட்டது. எண்பத்துமூன்றில் கடை எரிந்து அவர் ஊருக்கு வந்தபோது சுவர் யன்னல் மட்டத்தில் நின்றது. பிறகு ஆடி அசைந்து, ஒரு வருஷம் கூரை, ஒரு வருஷம் நிலத்துக்குச் சீமெந்து என்று கட்டினார். இடையில் மனைவி காலமானார். பிள்ளைகள் இல்லை. பின்னே ஏன் அந்த வீடு என்று கேட்காதீர்கள், தொடங்கினால் முடிக்கிற ஆள் அவர். தொண்ணூறில் எல்லாம் முடிந்து, பால் காய்ச்சிப் புதுவீடு குடிபூர ஆவணியில் நல்ல நாள் பார்த்து வைத்தார். ஆவணி வருமுன் ஷெல் வந்தது. சனங்களோடு சனமாக கடல் தாண்டி அராலிப் பக்கம் போக வள்ளத்தில் ஏறியவர், அலைந்து அலைந்து கடைசியில் என் நடு அறைக்கு வந்து சேர்ந்தார். பத்து வருஷத்துக்கு மேல் கட்டிய வீட்டில் ஒரு இரவுகூடப் படுக்கவில்லை. குடிபூராமல் படுக்கக்கூடாது என்று அதுவரை பக்கத்துக் கொட்டிலில்தான் பாய் போட்டவராம்.

இது எனக்குத் தெரியும். கவலையும் உண்டு. ஆனால் கவலைப்படுவது வேறு, என் கொட்டிலை அவர் கையில் கொடுப்பது வேறு. நான் கொடுக்கவில்லை, அவர் எடுத்துக்கொண்டார்.

கொட்டில் பலகைச் சட்டங்களாக லொறியில் வந்தது. நிலத்தில் சீமெந்துக் கல் பதித்து, மேலே பொலித்தீன் விரித்து, அதன்மேல் எழுப்ப வேண்டும். வாசல் குசினியைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று நான் கடதாசியில் படம் கீறி வைத்திருந்தேன். மின்சார வயர் இழுக்கச் சுகம். அந்தக் கிழமை முழுவதும் எனக்குப் பகல் வேலை. மாலையில் வந்து பார்த்தால் கல் பதித்தாயிற்று. சித்தியின் மகன்மார் இருவரும் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார்கள். ஒரு மூலையில் கல்லுக்கு மேல் மஞ்சளும் குங்குமமும், எங்கள் ரோசாப்பூவும்.

"தம்பி, நாட்கல் வைச்சாச்சு," என்றார் அத்தான். "இண்டைக்கு விட்டால் பிறகு நல்ல நாள் இல்லை. நீர் கீறினது பிழை. வாசல் தெற்கைப் பாக்குது. தெற்கு வாசல் கூடாது. கிழக்கை திருப்பிப் போட்டனான்."

"அத்தான், கிழக்கிலை பக்கத்து வீட்டு வேலி!"

"ஆள் போய்வர இடம் விட்டிருக்கு."

ஆள் போய்வர இடம் இருந்தது உண்மை. ரயில் பலகை போய்வர இடம் இல்லை. சுவரும் கூரையும் எழும்பிய பிறகு, எட்டடி நீளத்தில் ஒரே துண்டாக வந்த ஒட்டுப்பலகையை வேலிக்கும் வாசலுக்கும் இடையில் எப்படித் திருப்பினாலும் உள்ளே போகவில்லை. சரித்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம், யன்னலைக் கழற்றியும் பார்த்தோம். கடைசியில் அத்தானே மரம் அறுக்கும் வாளைக் கொண்டுவந்து நடுவாலே அறுத்தார். அறுத்த இரண்டையும் உள்ளே கொண்டுபோய்ப் பொருத்தினால், ஒரு பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் உயர்ந்து நின்றது. ரயிலுக்கு அந்தக் கொஞ்சம் போதும். பெருவிரலால் தடவினால்கூடத் தெரியாத அந்த மேட்டில் என் சுவிற்சர்லாந்து எஞ்சின் ஒவ்வொரு முறையும் குப்புற விழுந்தது.

"கோச்சி எங்கை போறது, தம்பி?" என்று அத்தான் கேட்டார்.

"ஓரிடமும் போகாது. சுத்தி வரும்."

"பிறகென்ன, விழுந்தால் தூக்கி வையும்."

4

வாசல் கிழக்கே போனதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். கொட்டிலுக்குக் கதவும் பூட்டும் போட்டதும் குடிபூரலுக்கு நாள் பார்த்துவிட்டார்.

"அத்தான், இது ரயில் ஓடுற கொட்டில். இதுக்கு என்னத்துக்குக் குடிபூரல்?"

"கூரை போட்டு, கதவு வைச்சு, பூட்டும் போட்டால் அது வீடுதான். பால் காய்ச்சாமல் உள்ளை புழங்கக்கூடாது. நான் ஆவணி ஆவணி எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஆனியிலையே ஒரு செம்பு பாலைக் காய்ச்சியிருக்கலாம். நான் விட்ட பிழையை நீரும் விடாதையும்."

நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். நாலு பேருக்குத்தான் சொன்னேன் என்றாள் மனோ. அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை வாசலில் கார் விட இடமில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்த கையோடு நயினாதீவு ஐயர் வந்தார், எங்கள் குசினியில் நின்று வேட்டி மாற்றினார். கும்பம் வைத்து, குத்துவிளக்கேற்றி, மரக்கொட்டிலுக்குள் காஸ் அடுப்பை மூட்டினார்கள். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். பட்டுச்சேலைக்காரர்கள் வேலிக்கும் கொட்டிலுக்கும் இடையில் வரிசையில் நின்று ஒவ்வொருவராக உள்ளே போய், பாலைக் குடித்து, என் அறுத்த பலகையைப் பார்த்து, "நல்ல காத்தோட்டமாய் இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

குடிபூரலுக்கு வெறுங்கையோடு வருவார்களா? படுக்கை விரிப்பு, தலையணை உறை, சுவர் மணிக்கூடு, தேநீர்க் கோப்பை, கேத்தல், இன்னுமொரு கேத்தல். வீட்டுக்குள் வைக்க இடமில்லை. எல்லாம் கொட்டிலுக்குள்ளேயே அடுக்கப்பட்டன. சுரங்கம் வரவேண்டிய மூலையில் தலையணைகள். அத்தான் ஒரு கதிரையையும் கொண்டுபோய்ப் போட்டார். எனக்கென்று நான் நினைத்திருந்த இடத்தில்தான் போட்டார். அன்றிலிருந்து பகல் முழுவதும் அதில் அவர்தான் இருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் டோரீன் என்ற கிழவி. ஒன்பது வருஷமாக எங்களோடு காலநிலையைப் பற்றி மட்டும் கதைப்பவள். அன்றைக்கு யன்னலோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஊர்வலமாகச் சனம் வந்து, அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சி, படுக்கையும் தலையணையும் கொண்டுபோய் உள்ளே வைத்தால், வேறு என்ன நினைப்பது? கண்ணால் கண்டதை அப்படியே நகரசபைக்கு எழுதிவிட்டாள்.

5

நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தோட்டத்தில் அனுமதியில்லாமல் ஒரு குடியிருப்பு அமைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறதாம். உத்தியோகத்தர் பார்வையிட வருவாராம். குடியிருப்புத்தான் என்று கண்டால் இடித்து அகற்ற வேண்டியிருக்குமாம்.

உடனே டெலிபோன் எடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் பேச வரும், கோபம் வந்தால் மட்டும் வராது. அது ரயில் கொட்டில் என்றேன். அப்படியானால் ஏன் அடுப்பு என்று கேட்டாள் மறுமுனையில் இருந்த பெண். பால் காய்ச்சினோம் என்றேன். ஏன் பால் காய்ச்சினீர்கள்? அது ஒரு சமயச் சடங்கு என்றேன். அப்படியென்றால் அது வழிபாட்டிடமா, அதற்கு வேறு பிரிவு, மாற்றிவிடட்டுமா என்றாள். இல்லையில்லை, வழிபாட்டிடம் இல்லை, புது வீட்டுக்குச் செய்கிற சடங்கு என்றேன். ஓ, அப்படியானால் வீடு என்று சொல்கிறீர்கள், என்றாள் மிகவும் மரியாதையாக. எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் டெலிபோனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கு வீட்டில் கத்தினேன். குத்துவிளக்கை எடுங்கள், தலையணைகளை எடுங்கள், அந்தக் கதிரையை முதலில் எடுங்கள் என்று.

"கதிரை இருந்தால் என்ன?" என்றார் அத்தான்.

"கதிரையிலை நீங்கள் இருக்கிறியள் அத்தான்! ஆள் இருக்கிறதைக் கண்டால் உடைக்கச் சொல்லுவாங்கள். இது உங்கடை வீடில்லை. என்ரை வீடுமில்லை. ரயில் கொட்டில். உங்களுக்கு விளங்கேல்லையோ?"

மனோ குசினிக்குள்ளிருந்து, "ஏனப்பா உந்தக் கத்தல் கத்துறியள், அண்ணைக்குக் காது கேக்கும்தானே," என்றாள். அத்தான் எழுந்து போய்த் தலையணைகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கொண்டுவந்து மாடிப்படியில் அடுக்கினார். விளக்கை மட்டும் எடுக்கவில்லை. ஏற்றிய இடத்திலிருந்து அதை ஒரு வருஷத்துக்கு அசைக்க ஏலாது என்று மனோவிடம் சொன்னாராம். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து, என்னோடு கதைக்காமல், நான் காட்டிய இடத்திலெல்லாம் தண்டவாளத்துக்கு ஆணி அடித்தார். அந்த மேட்டையும் உளியால் சீவினார். எஞ்சின் இப்போது மூன்று முறைக்கு ஒரு முறைதான் விழுந்தது.

எனக்கு அந்தக் கொட்டில் வேண்டும். ஒன்பது வருஷமாக வேலைக்குப் போய்வந்து, வந்தவர்களுக்கெல்லாம் பாய் விரித்து, அவர்களுடைய பத்திரங்களை நிரப்பி, கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு திரிந்தவன் நான். எட்டடிக்குப் பத்தடி இடம் கேட்டது பெரிய ஆசையா? அதையும் தலையணை உறையும் கேத்தலும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு போகப்போகின்றன என்று நினைக்க எனக்கு அழுகையே வந்தது. வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

6

உத்தியோகத்தர் ஒரு பொடியன். நெடுவல். அளக்கும் நாடாவும் ஒரு மட்டையில் செருகிய கடதாசியுமாக வந்தான். வேலிக்கும் கொட்டிலுக்கும் இடையால் அவன் பக்கவாட்டாகத்தான் நுழைய வேண்டியிருந்தது. ஏன் வாசலை இந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று கேட்டான். நான் கதவைத் திறந்துவிட்டேன். எதைச் சொன்னாலும் அது இன்னொரு பிரிவுக்குப் போகும் என்று பயம். பள்ளிக்கூட விடுமுறை என்றபடியால் சுபா வீட்டில் இருந்தாள். மனோ அவளைப் பிடித்து அனுப்பியிருந்தாள். முகத்தை நீட்டிக்கொண்டு வாசலில் சாய்ந்து நின்றாள்.

நான் மின்சார ஆளியைப் போட்டேன். எஞ்சின் புறப்பட்டது. சிவப்புப் பெட்டிகள் மூன்றும் அதன் பின்னால் போயின. பொடியன் குனிந்து பார்த்தான். முதல் வளைவு தாண்டியது, பாலம் தாண்டியது, அறுத்த இடத்துக்கு வந்தது, விழுந்தது. அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துக்கொண்டது.

ரயிலுக்குத்தான் இந்தக் கொட்டில் என்று தெரிகிறது, என்றான். பிறகு குத்துவிளக்கைப் பார்த்தான். நிலத்தில் பால் தீய்ந்த அடையாளத்தைப் பார்த்தான். மூலையில் கதிரையைப் பார்த்தான். கதிரையில் அத்தான். எத்தனை தடவை சொல்லியும் எழும்பாமல், வேட்டி சால்வையோடு, கையில் பேப்பரோடு.

இந்தப் பெரியவர் இதற்குள்தான் வசிக்கிறாரா என்று பொடியன் கேட்டான். எழுத ஆயத்தமாகப் பேனையைத் திறந்தான்.

எனக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் வரவில்லை. சுபாவைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். சாய்ந்து நின்றவள் நிமிர்ந்தாள்.

"மாமா, நீங்கள் இதுக்குள்ளையோ இருக்கிறியள் எண்டு கேக்கிறார்."

அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "இல்லைப் பிள்ளை. நான் உங்கடை வீட்டிலைதான் இருக்கிறன் எண்டு சொல்லு. எனக்கு ஊரிலை சொந்தமாய் வீடு இருக்கு எண்டும் சொல்லு. கல்வீடு. நான் ஏன் இதுக்குள்ளை இருக்கிறன்?"

அவள் சொன்னாள். பொடியன் தலையாட்டினான். அத்தோடு விட்டிருக்கலாம், ஆனால் நல்ல மனம், கதை கொடுக்க விரும்பினான்போலும். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டான்.

சுபா தமிழில் கேட்டதும் அத்தான் கொஞ்சம் யோசித்தார். "ஆமிக்காரர் எண்டு சொல்லுகினம். எனக்கு வடிவாய்த் தெரியாது. ஆர் இருந்தாலென்ன, பால் காய்ச்சாமல்தான் இருக்கினம்."

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? நானாக இருந்தால் பாலில் தொடங்கி, சமயத்துக்குப் போய், மூன்றாவது பிரிவில் முடிந்திருப்பேன். சுபா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அந்த வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு இன்னும் ஒருவரும் குடிவரவில்லை என்கிறார்."

என் பிள்ளைக்கு இவ்வளவு விளங்கும் என்று எனக்குத் தெரியாது.

பொடியன் அவளைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கடதாசியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்து, என் கையில் ஒரு பிரதியைத் தந்தான். கொட்டில் தப்பியது.

"என்ன எழுதியிருக்கிறார், பிள்ளை?" என்று கேட்டார் அத்தான்.

சுபா என் கையிலிருந்து அதை வாங்கி வாசித்தாள். "ஒருத்தரும் குடியில்லை எண்டு எழுதியிருக்கிறார், மாமா."

"எதிலை?" என்றார் அத்தான்.